திஸில்கார்ம் கப்பலில் முக்குளித்தல்: கேள்வி பதில்

கேள்வி: இக்கப்பல் எவ்வாறு மூழ்கியது?

பதில்: எகிப்திலிருந்த பிரிட்டிஷ் படைகளுக்கான தளவாடங்களை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த இக்கப்பல், செங்கடலின் ஷாப் அலி பவளத்திட்டருகே நங்கூரமிட்டு நின்றபோது, 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானிய ஹைங்கெல் விமானத்தின் குண்டுவீச்சுக்கு உள்ளானது. குண்டுகள் தாக்கிய 4ஆம் சரக்கறையில் வெடிமருந்து இருந்ததால், மேல்தளத்திலிருந்த ரயில் எஞ்சின்கள்கூடக் கடலில் தூக்கி எறியப்பட்டன. ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

கேள்வி: ஓபன் வாட்டர் எனும் தொடக்கநிலை முக்குளிப்புச் சான்றிதழ் மட்டும் போதுமா?

பதில்: போதாது. அதன் வரம்பு 18 மீட்டர். கப்பல் கிடக்கும் கடலடியோ 30 மீட்டர்.

கேள்வி: சரக்கறைக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பதில்: மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் செலவிடுபவர், 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்காவதால் 80 லிட்டர் செலவிடுவார். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் உள்ளது 2,400 லிட்டர், அதாவது அரைமணி நேரக் காற்று. அதில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மூன்றாவது பங்கு உடன் முக்குளிப்பவருக்கு ஆபத்து நேர்ந்தால் கொடுப்பதற்கு. ஆகவே இறங்கும் நேரத்தையும் சேர்த்து 10 நிமிடத்தில் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். பெட்ஃபோர்டு லாரிகளின் மேல் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கும்போது நேரம் மறந்துபோகும். காலில் அணியும் ஃபின் (நீந்து துடுப்பு) ஒருமுறை வண்டலைத் தட்டிவிட்டால் டார்ச் வெளிச்சம் பழுப்புத் திரையில் முட்டி நின்றுவிடும். காற்றளவு மானியை அடிக்கடி பாருங்கள்.

கேள்வி: ஒரு தோட்டாவை நினைவுப்பொருளாக எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அது இன்னும் வெடிக்கக்கூடியதாக இருக்கலாம்.

கேள்வி: உடைந்த சிறு துண்டையாவது?

பதில்: மேலே சொன்னதே பதில். இதே கேள்வியை இன்னும் மூவர் அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதுவே.

கேள்வி: எப்படியும் துருப்பிடித்து அழியப்போகும் கப்பல்தானே? உங்கள் படகுகள் கட்டும் கயிறுகளைவிட நாங்கள் எடுக்கும் துண்டா பெரிய சேதம்?

பதில்: கயிறுகளைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அலையில் ஆடும் படகின் இழுப்பு, பலவீனமான கைப்பிடிக் கம்பிகளைப் பெயர்த்தெடுக்கிறது. நாம் விடும் மூச்சுக் குமிழ்களும் உட்கூரையில் தேங்கித் துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகின்றன என்பதால், நான் உள்ளே செல்வதையே குறைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சேதத்தைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்துவதை ஏற்கமாட்டேன். ஒன்பது பேர் உயிரிழந்த இடம் அது. அங்கிருந்து எடுத்துவரும் ரப்பர் பூட்ஸ் வீட்டு அலமாரியில் வெறும் பழைய செருப்பாகிவிடும்.

கேள்வி: எந்த நேரம் ஏற்றது?

பதில்: எகிப்தின் கடலோர நகரான ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து பகல் படகுகள் வந்து சேருமுன், விடியற்காலையில். நீரோட்டம் வலுத்திருந்தால் இறங்கவேண்டாம்.