ஊர்க் காற்றில் ஏன் இழுக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் மீனம்பாக்கத்தில் வானிலைப் பலூன் விட்டு ஓய்வு பெற்றவர்)

கேள்வி: பொங்கலுக்கு மதுராந்தகம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனோம். சென்னையில் நன்றாக இருக்கும் என் ஏழு வயசுப் பையனுக்கு அங்கே போன மறுநாளே இழுப்பு வந்துவிட்டது. சுற்றிலும் வயல், பக்கத்தில் ஏரி. கிராமத்துக் காற்று சுத்தம் என்பதெல்லாம் பொய்யா சார்?
– வேளச்சேரி வாசகி

பதில்: பொய் இல்லை அம்மா. ஆனால் காற்று சுத்தமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் மாதத்தைக் கேட்பேன், அடுத்து மணியைக் கேட்பேன். நீங்கள் போனது தையில். பையன் வெளியே ஓடியாடியது விடிந்தும் விடியாமலும் இருக்கும்.

வேலையில் இருந்தபோது விடிகாலையில் பலூன் விடுவோம். அதில் தொங்கும் கருவி, மேலே போகப் போக வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டே போகும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். மார்கழி, தை விடியலில் மட்டும் முதல் நூறு இருநூறு மீட்டருக்குப் பல நாள் குறையாது, கூடும்! மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே படுத்துக்கொள்கிறது. மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று, சோற்றுப் பானைமேல் வைத்த தட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். கீழே என்ன புகைந்தாலும் போக வழியில்லை. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது விலகும்.

அதற்குள் உங்கள் அம்மா ஊரில் என்னவெல்லாம் சேருகிறது என்று பாருங்கள். சம்பா அறுவடை நேரம். மெஷின் அறுக்கும்போது சுணையும் தூசும் பறக்கும். படாளத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கரும்பு உண்டு. வெட்டி முடித்த வயலில் சோகைக்கு (காய்ந்த கரும்பு இலைக்கு) தீ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகி வேறு. ஜிஎஸ்டி சாலையில் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும் வண்டிகள் அத்தனையும் (அதில் உங்கள் வண்டியும் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்). வயலுக்குப் போட்ட யூரியாவிலிருந்து கிளம்பும் அம்மோனியா, வண்டிப் புகையால் உண்டாகும் அமிலத்தோடு சேர்ந்து நுண்துகளாக மாறும். குளிரும் ஈரமும் இருந்தால் அந்தக் காரியம் இன்னும் சுலபமாக நடக்கும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் இவற்றைவிட மாட்டுக்கொட்டகை மேல்தான். சாயங்காலம் கொசுவுக்காக நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார்கள். வயல் புகை தூரத்தில் இருக்கிறது. இது திண்ணைக்குப் பக்கத்தில். உள்ளே வந்தால் கொசுவர்த்தி. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், பையன் இருக்கும் நாலு நாளைக்கு மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்பது மணி வரை அவனை வீட்டுக்குள் வைத்திருங்கள். கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்து, இழுப்பு வந்தால் என்ன கொடுப்பது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதே ஊருக்கு ஐப்பசி மழை விட்டதும் போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். ஆடியில் போனால் கண்ணில் மண் விழும், அவ்வளவுதான். அந்தத் தூசு பெரியது, பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். சென்னையும் அந்த வாரத்தில் யோக்கியம் கிடையாது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் விமானங்களே தடுமாறின, நினைவிருக்கும்.

கேள்வி: டெல்லியில் வைக்கோல் எரிப்பதால்தான் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். நம் விவசாயிகளும் அதைத்தானே செய்கிறார்கள்?
– அண்ணா நகர் வாசகர்

பதில்: இல்லை. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த இரண்டு மூன்று வாரத்தில் கோதுமை விதைத்தாக வேண்டும். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-இல் பஞ்சாபில் வந்த சட்டம் நடவைத் தள்ளிவைத்தது. அறுவடையும் தள்ளிப்போய், காற்று அசையாத நாட்களில் போய் விழுந்தது. காற்று வீசிப் புகையைக் கலைக்க டெல்லிக்குப் பக்கத்தில் கடலும் இல்லை. நம் பக்கம் வைக்கோல் என்றால் மாட்டுத் தீவனம், காசு. அதை முழுசாகக் கொளுத்த யாருக்கும் மனசு வராது. மெஷின் அறுத்த பிறகு மிஞ்சும் தாளை (நெல்லின் அடித்தண்டை) அங்கங்கே கொளுத்துகிறார்கள், அது உண்மை. அதை வைத்து மொத்தப் பழியையும் விவசாயி தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போகிக்கு டயர் கொளுத்துகிறவர் வயல்காரர் இல்லை.

கேள்வி: காலையில் மூக்கு எரிகிறது. செல்போனில் பார்த்தால் காற்றின் தரம் எண்பது, 'திருப்தி' என்கிறது. எதை நம்புவது?
– ஆலந்தூர் வாசகர்

பதில்: மூக்கை. 2015-இல் வந்த நம் தேசியக் குறியீட்டில் நுண்துகள் கணக்கு 24 மணி நேர சராசரி. காலை இரண்டு மணி நேரம் மோசமாக இருந்தாலும், மத்தியானக் கடற்காற்று வந்து சராசரியைக் காப்பாற்றிவிடும். ஆலந்தூரிலாவது அளக்கும் நிலையம் இருக்கிறது. நிலையமே இல்லாத ஊருக்குச் சில செயலிகள் காட்டும் எண் கணினி போட்ட மதிப்பீடு. அந்த ஊரில் யாரும் அளக்கவில்லை.

கேள்வி: நெல் அறுத்தாச்சு. தாளைக் கொளுத்தினால் பக்கத்துத் தெருவில் சத்தம் போடுகிறார்கள். வேறு என்ன செய்வது ஐயா?
– பொன்னேரி விவசாயி

பதில்: சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது. அடுத்த போகத்துக்கு நாள் இருந்தால் ஈரத்தோடு ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுதுவிடுங்கள், மட்கிவிடும். வைக்கோலாகத் தேறுவதைச் சுருட்டிக் கட்டுகிற மெஷின் வந்துவிட்டது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். களையோ செத்தையோ, எரிப்பதைத் தவிர வழியே இல்லை என்றால் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டவே வேண்டாம். எங்காவது அடுப்புப் புகை எழுவதைப் பாருங்கள்: கொஞ்சம் ஏறி, பிறகு படுக்கையாகப் பரவினால் அன்றைக்குத் தீப்பெட்டியைத் தொடாதீர்கள். எரிக்கச் சொன்னேன் என்று மட்டும் ஊரில் சொல்லிவிடாதீர்கள், அடுத்த இதழில் எனக்குத்தான் கேள்வி வரும்.