வாகன மடல்: பழைய வேகனை எவ்வளவு தாழ்த்தலாம்?

கேள்வி: ஐயா, எனது பெரியப்பாவின் கரோலா டிஎக்ஸ் வேகன் (கேஈ72) இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. தோட்டத்துச் சாமான்கள் ஏற்றுவதற்கும் குடும்பத்தோடு பயணம் போவதற்கும் எங்களிடம் உள்ள ஒரே வாகனம் அதுதான். அதைத் தாழ்த்தி, நல்ல ரிம் போட்டு, பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும்படி செய்ய ஆசைப்படுகிறேன். கையில் அதிகம் காசு இல்லை. எங்கே தொடங்க வேண்டும்?
(வாசகர், விசுவமடு)

பதில்: தாழ்த்துவதைப் பற்றி யோசிக்க முன்னர், உங்கள் வேகன் தனக்குரிய உயரத்தில்தான் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். நெல் மூட்டையும் உரமும் விறகும் சுமந்து பழகிய வேகன்களில், முந்திய உரிமையாளர் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு தகட்டை மேலதிகமாகச் சேர்த்திருப்பதும், முன்பக்கச் சுருளின் இடைவெளியில் ரப்பர்க் கட்டை செருகியிருப்பதும் நம் பக்கத்தில் சாதாரணம். மற்றத் தகடுகளோடு நிறத்திலும் தடிப்பிலும் ஒவ்வாத தகடு ஒன்று தென்பட்டால் அது பின்னர் வந்ததாகவே இருக்கும். அவற்றைக் கழற்றி எடுத்தாலே வண்டி நீங்கள் விரும்பிய அளவுக்கு இறங்கிவிடவும் கூடும். அதற்குச் செலவு கராஜ் கூலி மட்டுந்தான்.

அதன் பின்னும் இறக்க வேண்டுமானால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 1979 இல் வெளிவந்த அந்தத் தலைமுறைக் கரோலாவில் சாதாரண காருக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் இருக்க, பாரம் சுமக்க வேண்டிய வேகனுக்கு மட்டும் தகட்டு ஸ்பிரிங் கொடுத்தார்கள். ஆகவே வெளிநாட்டில் கேஈ70 என்ற அந்தச் சாதாரண காரைத் தாழ்த்துகிறவர்கள் பின்பக்கத்துக்குச் சொல்லும் யோசனைகள் உங்களுக்குப் பொருந்தா. தகட்டு ஸ்பிரிங்கை இறக்க மூன்று வழிகள் உண்டு. தகடுகளில் ஒன்றிரண்டைக் கழற்றிவிடுவது முதலாவது. கம்பனி கொடுத்த தகட்டைக் கழற்றினால் பாரந் தாங்கும் வலுவும் அதோடு போய்விடும் என்பதால், சாமான் ஏற்றும் உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்துத் தகடுகளின் வளைவைக் குறைப்பது இரண்டாவது. பட்டறைக்காரருக்கு உருக்கைப் பதமாக்கத் தெரிந்திருந்தால் அது நல்ல வேலை, தெரியாவிட்டால் சில மாதங்களில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பது மூன்றாவது. குறைந்த காசில் செய்யக்கூடியதும், பிடிக்காவிட்டால் திரும்பக் கழற்றக்கூடியதும் இதுவே.

கட்டை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தகடுகள் அச்சுக்குக் கீழாகச் சென்றால் இடையில் வைக்கும் கட்டை வண்டியை இறக்கும். அச்சுக்கு மேலாகச் சென்றால் அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். கட்டை இரும்பாகவோ வார்ப்பு அலுமினியமாகவோ இருக்க வேண்டும், மரமாக இருக்கவே கூடாது. ஸ்பிரிங்கின் நடு ஆணி வந்து அமரும் குழி ஒரு முகத்திலும், அச்சின் துளைக்குள் பொருந்தும் முளை மறுமுகத்திலும் இருந்தால்தான் பிறேக் பிடிக்கும்போது அச்சு முன்னும் பின்னும் நகராது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட வைத்த கைகள் இன்னும் நம் கராஜ்களில் இருக்கின்றன. கடைசல் இயந்திரம் உள்ள ஒரு பட்டறையில் இத்தகைய கட்டையைச் செய்விப்பது அவர்களுக்குப் பெரிய காரியமன்று. ஆனால் அச்சையும் ஸ்பிரிங்கையும் பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் பழையதாக வாங்காமல், கூடுதல் நீளமுள்ள புதியவற்றையே வாங்குங்கள். சில நாள்கள் ஓடிய பின் அவற்றை மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். கட்டை அமர்ந்தவுடன் அவை தளர்வது வழக்கம்.

எவ்வளவு இறக்கலாம் என்பதை வெறும் வண்டியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். வழக்கமாக ஏற்றும் சாமான்களை ஏற்றி, குடும்பத்தினரையும் உட்கார வைத்து, பின் அச்சுக்கும் அதற்கு மேலே சட்டத்தில் உள்ள ரப்பர் முட்டுக்கும் இடையில் எஞ்சும் இடைவெளியை அளவிடுங்கள். இறக்கிய பின்னரும் அந்த நிலையில் மூன்று விரல் அகலமாவது மிஞ்ச வேண்டும். அது மிஞ்சாவிட்டால் ஒவ்வொரு கிடங்கிலும் அச்சு சட்டத்தை நேரே இடிக்கும். ஏ9 வீதியில் இதை உணரமாட்டீர்கள், விசுவமடுவிலிருந்து உள்ளே திரும்பும் கிறவல் ஒழுங்கையில் முதல் நாளே உணர்வீர்கள். என் கணிப்பில் உங்கள் பாவனைக்கு 3 சென்ரிமீற்றர் போதும், 4 எல்லை.

முன்பக்கம் வேறு கதை. அங்கே சுருள் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாக நிற்கும் மக்பேர்சன் அமைப்பு உள்ளது. இறக்கும்போது, சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை கிடையான நிலைக்கு வரும். அதையும் தாண்டி இறக்கினால் கையின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது உடலைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுவதால், தாழ்ந்த வண்டி வளைவில் முன்னையைவிட அதிகமாகச் சாயும். ஸ்டியரிங் தடியின் கோணமும் மாறுவதால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். எனவே கீழ்க்கை கிடையாக வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு சக்கர நேர்ப்படுத்தல் செய்யாமல் ஓட்டினால் ரயரின் உட்புறம் தேய்ந்து, மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். முன்விளக்கின் கோணத்தையும் திருத்துவியுங்கள்.

சாமான் ஏற்றும் சில வேகன்களில் பின் அச்சோடு ஒரு தடியால் இணைக்கப்பட்ட பிறேக் வால்வு உண்டு. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் சக்கரங்களுக்குக் கூடுதல் பிறேக் அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. வண்டியை நீங்கள் தாழ்த்தியதும் பாரம் ஏறிவிட்டதென்று அது எண்ணிக்கொள்ளும். வெறும் வண்டியில் ஈர வீதியில் பிறேக் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். உங்களதில் அது இருந்தால் அந்தத் தடியைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்யாமல் வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள்.

ரிம்மைப் பொறுத்தவரை, பழைய சாமான் கடையில் காண்பதை அளவு பார்க்காமல் வாங்க வேண்டாம். உங்கள் பின்சக்கர இயக்க வண்டிக்கு ரிம்மைப் பிடிக்கும் நான்கு ஆணிகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். பின்னர் வந்த முன்சக்கர இயக்கக் கரோலாக்களுக்கு அது 100 மில்லிமீற்றர் என்பதால், கரோலா ரிம் என்று விற்பதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. 155ஆர்13 ரயரின் வெளி விட்டமும் 185/60ஆர்14 ரயரின் விட்டமும் ஏறக்குறைய 578 மில்லிமீற்றர்தான். ஆகவே 14 அங்குல ரிம்முக்கு மாறினாலும் வேகமானி பொய் சொல்லாது. ரிம் பெரிதாகி ரயரின் பக்கச்சுவர் குறைவதால், இறக்காமலே வண்டி இறங்கியதுபோலத் தெரியும். கூரைமேல் உள்ள இரும்புக் கூட்டைக் கழற்றி, கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்புப் பகுதிக்கு மங்கலான கறுப்புப் பூசினால் அந்தத் தோற்றம் இன்னும் கூடும். காசு குறைவான இடத்தில் கண்ணை ஏமாற்றுவது குற்றமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு ஸ்குறூ டிரைவரால், தகட்டு ஸ்பிரிங் சட்டத்தில் தொங்கும் இடங்களைக் குத்திப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையிலும் ஆனையிறவுப் பக்கமும் அதிகம் ஓடிய வண்டியானால் உப்பு அங்கேதான் முதலில் தின்றிருக்கும். கையிலுள்ள காசு அந்த ஒட்டு வேலைக்கும் புஸ்களுக்கும் நல்ல ஷொக் அப்சோபருக்கும் போய், ரிம் அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போனாலும் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: எனது வேகனின் முன் ஸ்பிரிங்கைக் காஸ் சுவாலையால் சூடாக்கி இறக்கித் தந்தார்கள். இப்போது குதிரைபோலத் துள்ளுகிறது. ஒரு பக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. ஷொக் அப்சோபரை மாற்றினால் சரிவருமா?
(வாசகர், மல்லாவி)

பதில்: வராது. ஸ்பிரிங் உருக்கின் வலு அதைப் பதமாக்கிய முறையில் இருக்கிறது. சுவாலை பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அதனால்தான் அது தொடர்ந்து அமர்கிறது, இரு பக்கமும் ஒரே அளவாக அமர்வதுமில்லை. இன்னும் சில காலத்தில் அதே இடத்தில் முறியவும் கூடும். இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி எறிந்துவிட்டு, அதே வகை வண்டியின் நல்ல பழைய சோடி ஒன்றைத் தேடுங்கள்.

சூடாக்காமல் சுருளை வெட்டி இறக்குவதாயின் அரைக்கும் வட்டினால், நீரூற்றிக் குளிரவைத்தபடி வெட்ட வேண்டும். சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும்: வேலை செய்யும் 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் ஏறக்குறைய 14 வீதம், இரண்டை வெட்டினால் 33 வீதம் இறுக்கம் கூடும். ஒரு சுற்றை வெட்டுவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக அமர வேண்டும், வண்டியை ஜக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் தட்டிலிருந்து கழன்றுவிடக் கூடாது. கழலுமானால் கிடங்கொன்றில் சக்கரம் தொங்கி விழும்போது அது இடம் மாறி அமரும். துள்ளல் பற்றிக் கேட்டீர்கள்: பழைய நீளமுள்ள ஷொக் அப்சோபர் தாழ்ந்த வண்டியில் தன் ஓட்டத்தின் அடி முனையிலேயே வேலை செய்ய நேர்கிறது, அதனால் விரைவில் பழுதாகிறது. குட்டையானதைப் போட்டால்தான் அந்தச் செலவுக்குப் பயனுண்டு.

கேள்வி: வேகனைத் தாழ்த்தி, மாம்பழ மஞ்சள் நிறம் அடித்து, பின் ஆசனத்தையும் கழற்ற எண்ணியிருக்கிறேன். பொலிஸ் பிரச்சினை வருமா?
(வாசகர், வவுனியா)

பதில்: நிறமும் ஆசன எண்ணிக்கையும் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டவை. அவற்றை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீதியில் மட்டுமன்றி, நாளை வண்டியை விற்கும்போதும், விபத்துக்குக் காப்புறுதிப் பணம் கேட்கும்போதும் அது உங்கள் முன் வந்து நிற்கும். 2025 இன் தொடக்கத்தில் வாகனங்களின் மேலதிகப் பொருத்துகளை அகற்றும்படி பொலிஸார் நாடெங்கும் நடவடிக்கை எடுத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் காதைப் பிளக்கும் புகைக்குழாயும் மறிப்பதற்குக் காரணம் தேடிக் கொடுக்கும். பின் ஆசனத்தை மடித்து வைத்து, அதன்மேல் பொருந்தும்படி பலகை செய்து றெக்சின் ஒட்டினால் இடமும் கிடைக்கும், பதிவும் மாறாது. மஞ்சளைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், வன்னியின் செம்புழுதிக்கு அது நல்ல நிறந்தான்.

கேள்வி: தாழ்த்திய வேகனில் மாரி காலத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கலாமா?
(வாசகர், முள்ளிவாய்க்கால்)

பதில்: பாலத்தின் மேல் வெள்ளம் பாயும்போது தாழ்த்தாத வேகனிலும் கடக்க வேண்டாம். வீதிகளில் தேங்கி நிற்கும் நீரைப் பொறுத்தவரை, தாழ்த்தியதால் விசிறியும், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரும் நீருக்கு அத்தனை சென்ரிமீற்றர் கிட்ட வந்துவிட்டன என்பதை மனதில் வைத்து, மெதுவாக, எஞ்சினை நிறுத்தாமல் செல்லுங்கள். காற்று வடிகட்டிக்குள் நீர் புகுந்தால் எஞ்சினின் இணைப்புத் தண்டு வளையக்கூடும். கரையேறியதும் பிறேக்கை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்களை உலர்த்துங்கள்.

கேள்வி: காற்றுப்பை ஸ்பிரிங் போட்டால் வேண்டியபோது ஏற்றி இறக்கலாமே?
(வாசகர், துணுக்காய்)

பதில்: ஏற்றி இறக்கலாம். ஆனால் பைகள், கம்பிரசர், காற்றுத் தாங்கி, வால்வு, குழாய் என்று சேரும் செலவு பழைய வேகனின் விலையை எட்டிப் பிடிக்கும். இரவில் எங்காவது ஒரு குழாய் கசிந்தால் காலையில் வண்டி வயிறு தரையில் பட நிற்கும், அதற்கான பாகத்தைத் துணுக்காயில் தேடி எடுக்க முடியாது.