வீட்டில் கார் கழுவினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படிகிறதே, என்ன செய்வது?

ஷாம்பூவைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். துளி காய்ந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் துளி தானாகக் காய விடவே கூடாது.

வெயில் ஏறுமுன், நிழலில், பானெட் தொட்டால் சுடாத நேரத்தில் கழுவுங்கள். மேற்கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் சோப்பு காய்வதற்குள் அலசிவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ ஏசியிலிருந்து சொட்டும் நீரோ ஒரு வாளி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது; இரண்டிலும் உப்பு மிகக் குறைவு. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்! அப்புறம் உடனே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய பனியன் துணியில் மண் ஒட்டியிருந்தால் கீறல் விழும். கண்ணாடி இடுக்கு, கதவுக் கைப்பிடி இவற்றிலிருந்து பிறகும் நீர் வடியும், அதையும் துடைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே படிந்த திட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் வைத்துத் துடைத்து, நன்றாக அலசுங்கள்.