கோத்தகிரி ரோட்டுக்கு ஹேண்ட்லிங் பேக்கேஜ் போடலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். கோத்தகிரி பக்கத்துல ஒரு ஹட்டி எங்க ஊரு. வேலை கோயம்புத்தூர்ல, வாரா வாரம் மேல கீழன்னு ஓட்டம்தான். 1.5 டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் செடான் ஒண்ணு புக் பண்ணப் போறேன். ஷோரூம்ல ஸ்போர்ட்ஸ் ஹேண்ட்லிங் பேக்கேஜ்னு ஒண்ணு காட்டுறாங்க. 15 மில்லிமீட்டர் தாழ்ந்த ஸ்பிரிங், டைட்டான ஷாக் அப்சார்பர், தடிமனான ஆன்ட்டி ரோல் பார், 205/55 ஆர் 16 டயருக்கு பதிலா 225/40 ஆர் 18, எல்லாம் கம்பெனியிலயே மாட்டி வருமாம், எக்ஸ்ட்ரா ஒண்ணே முக்கால் லட்சம். "நீங்க மலையில ஓட்டுறவரு சார், இது உங்களுக்குத்தான்"னு சேல்ஸ் தம்பி அடிச்சு சொல்றாரு. அப்பா அம்மாவையும் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கீழ கூட்டிட்டுப் போகணும். போடலாமா வேணாமா?

பதில்: வேணாம் தம்பி. மொத்தமா வேணாம். இந்த மாதிரி பேக்கேஜ்ல வர்ற ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா பிரிச்சுப் பாத்தா ஒண்ணு ரெண்டு உங்களுக்கு ஆகும், மீதி ஆகாது, அதுலயும் சிலது காசு வாங்கிட்டு தொல்லை குடுக்கும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல இந்த பேக்கேஜ் எதுக்குன்னு பாருங்க. வேகமா ஒரு வளைவுல போறப்ப வண்டி வெளிப்பக்கமா சாயும், அந்த சாய்வைக் குறைச்சு, ஸ்டியரிங் திருப்பின உடனே வண்டி திரும்புற மாதிரி பண்றதுதான் இதோட வேலை. நல்ல வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா அது தேவைப்படுறது 80, 100ல எடுக்குற வளைவுக்கு. நம்ம கொண்டை ஊசி வளைவுல நீங்க என்ன வேகத்துல திரும்புவீங்க, 20? முன்னாடி கவர்மென்ட் பஸ் இருந்தா 10. கணக்கு போட்டுப் பாத்தா, 12 மீட்டர் ஆரம் இருக்குற வளைவுல 20 கிலோமீட்டர் வேகத்துல போனா வண்டியை வெளிய தள்ளுற விசை புவியீர்ப்புல கால்வாசி அளவுதான் வரும். காஞ்ச ரோட்டுல சாதாரண 16 இன்ச் டயரே அதுல மூணு மடங்கு தாங்கிட்டுப் போயிடும். அதாவது அந்த ஒண்ணே முக்கால் லட்சம் வேலை செய்யுற இடத்துக்கு நீங்க போகவே மாட்டீங்க, போகவும் கூடாது, எதிர்ல வர்றவன் வளைவை அறுத்துட்டு உங்க பக்கம் வர்ற ரோடு இது.

அடுத்தது அந்த ஆன்ட்டி ரோல் பார். இதை யாரும் ஷோரூம்ல சொல்ல மாட்டாங்க. இடது வீலையும் வலது வீலையும் இணைக்கிற ஒரு முறுக்குக் கம்பி அது, தடிமன் கூடக் கூட ஒரு வீல் மேல ஏறுனா இன்னொரு வீலையும் சேத்து இழுக்கும். உங்களது முன் வீல் இழுக்குற வண்டி. ஏத்தத்துல எடை பின்னாடி போயிடுது, கொண்டை ஊசியில திரும்பறப்ப மிச்சம் இருக்குற எடையும் வெளி வீலுக்குப் போயிடுது, உள் பக்கத்து முன் வீல் ஏற்கனவே லேசா நிக்குது, அதுல முன்னாடி தடிமனான பார் வேற இருந்தா அது இன்னும் லேசாகும். மழை ஈரத்துல, சில்வர் ஓக் இலை விழுந்து கெடக்குற வளைவுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா அந்த வீல் சும்மா சுத்தும், வீல் சும்மா சுத்துறதைத் தடுக்குற டிராக்ஷன் கன்ட்ரோலோட லைட் மினுக்கும், வண்டி ஏறாம ஒரு நொடி தயங்கும். பின்னாடி லாரி இருக்கறப்ப அந்த ஒரு நொடி இருக்கே, அது ஒரு யுகம். பேக்கேஜோட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது பிடிப்பு இருக்குற வீலுக்கு சக்தியை அனுப்புற சாமான், சேத்து வந்தா இந்தப் பிரச்சனை பெருசா இருக்காது, உங்க லிஸ்ட்ல அது இல்ல.

இப்ப டயர், எனக்கு ரொம்ப ஒத்து வராத சமாச்சாரம் இதுதான். 205/55 ஆர் 16ல டயரோட பக்கச் சுவர் 113 மில்லிமீட்டர் உயரம். 225/40 ஆர் 18ல 90. கிட்டத்தட்ட ஒரு இன்ச் ரப்பர் போச்சு. பள்ளத்துல விழறப்ப ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற மெத்தையே அந்த ரப்பர்தான். வடகிழக்குப் பருவமழை நம்ம கிழக்குச் சரிவைத்தான் நேரா அடிக்கும், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ரோட்டோரம் அரிச்சுப் போயி, மேல இருந்து உருண்டு வந்த கல்லு ரோட்டுல கெடக்கும், மிஸ்ட் வேற, பத்தடிக்கு முன்னாடிதான் தெரியும். அதுல லோ புரொஃபைல் டயர் ஏறுனா பக்கச் சுவர் வெட்டுப்படும் இல்லன்னா ரிம் வளையும். பக்கச் சுவர் வெட்டுனா பஞ்சர் ஒட்ட முடியாது, டயரே மாத்தணும், 18 இன்ச்சுக்கு பல பிராண்டுல விலை கிட்டத்தட்ட டபுள், அதுவும் உங்க சைஸ் கோத்தகிரி கடையில ஸ்டாக் இருக்கும்னு நம்பாதீங்க, கோயம்புத்தூர்ல இருந்து வரவழைக்கணும்.

இதோட ஒண்ணு கட்டாயம் கேளுங்க, ஸ்டெப்னி என்ன வருதுன்னு. சில வண்டியில பெரிய வீல் போட்டா ஸ்டெப்னிக்கு பதிலா ஒரு பஞ்சர் கிட் டப்பாவைக் குடுத்து அனுப்பிடுவாங்க. ஆணி குத்துன சின்ன ஓட்டைக்கு அது ஓகே, கல்லு வெட்டுன சுவருக்கு அது ஒண்ணும் பண்ணாது. ராத்திரி எட்டு மணிக்கு குஞ்சப்பனை தாண்டி, அதுவும் பலாப்பழ சீசன்ல, யானை இறங்கி நிக்கிற இடத்துல, செல்போன் லைட்ட வாயில கவ்விக்கிட்டு அப்பா அம்மாவை உள்ள உக்கார வச்சுட்டு அந்த டப்பாவோட நீங்க என்ன செய்வீங்கன்னு யோசிங்க. ஸ்பேஸ் சேவர் ஸ்டெப்னியாவது இருக்கணும், அதுல 80க்கு மேல போகக் கூடாது, மலையில அது ஒரு குறையே இல்ல.

சம்மர் பெர்ஃபார்மன்ஸ் டயரா வருதான்னும் பாருங்க. அந்த வகை ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போனா விறைச்சுப் போகும், பிடிப்பு குறையும். கோயம்புத்தூர்ல அது ஒரு விஷயமே இல்ல, ஆனா ஜனவரி காலையில ஊட்டி தலைகுந்தா பக்கம் உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடக்கறப்ப ஓட்டுறவங்களுக்கு விஷயம்தான்.

தாழ்ந்த ஸ்பிரிங்கு பத்தி ரெண்டு வார்த்தை. 15 மில்லிமீட்டர் கேக்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். அஞ்சு பேரு, பின்னாடி டிக்கியில கேரட் மூட்டை, அது ஏற்கனவே வண்டியைக் கணிசமா இறக்கிடும், அதுக்கு மேல இந்த 15. ஹட்டிக்குள்ள போற காங்கிரீட் ரோடு மெயின் ரோட்டுல சேர்ற இடம் இருக்குல்ல, திடீர்னு மடங்கி ஏறும், அங்க முன் பம்பர் உதடு தேயுறது மொதல்ல காதுக்குக் கேக்கும், அப்புறம் பில்லுல தெரியும். புரோஷர்ல போட்டிருக்குற கிரவுண்ட் கிளியரன்ஸ் காலி வண்டிக்கா லோடு ஏத்துன வண்டிக்கான்னு கேட்டுக்கோங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போடுறாங்க. டர்னிங் ரேடியஸும் கேளுங்க, அகலமான வீல் போட்டா சில வண்டியில ஸ்டியரிங் முழுசா ஒடியாது, கொண்டை ஊசியில ஒரே மூச்சுல திரும்புறதுக்கும் ரிவர்ஸ் போட்டுத் திரும்புறதுக்கும் வித்தியாசம் அங்கதான்.

சரி, அப்ப மலைக்கு எதுதான் முக்கியம்னா, பிரேக்கு. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் கிட்டத்தட்ட 1450 மீட்டர் இறங்குறீங்க. ஆளோட சேத்து 1500 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிய விட வேண்டிய சக்தி, ஒரு 2000 வாட் கெய்சரை மூணு மணி நேரம் விடாம ஓட்டுனா வர்ற சூட்டுக்குச் சமம். காத்து கொஞ்சம் எடுத்துக்கும், இன்ஜின் கொஞ்சம் எடுத்துக்கும், நீங்க 'டி'யில போட்டு பிரேக்குலயே இறங்குனா மீதி அத்தனையும் டிஸ்க்குல போயி உக்காரும். குன்னூர் ரோட்டுல பர்லியார் பக்கம் டூரிஸ்ட் வண்டிங்க ஓரமா நின்னு வீல்ல இருந்து புகை வர்றது பாத்திருப்பீங்க, கருகுன வாடை வரும், அது இதுதான். அதனால பேக்கேஜ்ல பெரிய டிஸ்க், பின்னாடியும் டிஸ்க் பிரேக் இருக்குன்னா, அது மட்டும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க, கிடைச்சா யோசிக்காம போடுங்க. ஸ்டியரிங்ல கையாலயே கியர் மாத்துற பேடில் ஷிஃப்டர் வருதுன்னா அதுவும் உங்களுக்கு தினம் உதவுற சாமான், இறக்கத்துல மேனுவல் மோடு போட்டு ரெண்டுலயோ மூணுலயோ நிறுத்திட்டா வண்டி தானா கியரைத் தூக்காது, இன்ஜினே பிடிச்சு நிறுத்தும்.

அப்புறம் பிரேக் ஆயில், எந்த பேக்கேஜுலயும் வராது, எல்லாரும் மறந்துடுவாங்க. அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், நம்ம மலையில ஈரத்துக்கா பஞ்சம். டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரியாவது தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா அந்த கணக்கு 155க்கு இறங்கிடும். உள்ள கொதிச்சு ஆவியாயிடுச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, சர்வீஸ் சென்டர்காரர் நிறம் நல்லாருக்குன்னு சொன்னாலும் மாத்துங்க.

அப்பா அம்மா விஷயம். சாய்வு குறைஞ்சா வாந்தி வராதுன்னு சேல்ஸ்ல சொல்லுவாங்க, பாதி சரி. சாய்வு குறையும்தான், ஆனா டைட்டான ஷாக் ஒவ்வொரு ஒட்டுப் போட்ட தாரையும் முதுகுல அனுப்பும், அதுவும் பின் சீட்டுல. வயித்தைப் பொரட்டுறதுல பாதி நம்ம ஓட்டுறதுல இருக்கு, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு வளைவுக்குள்ள பிரேக் தொடாம மெதுவா எடுத்தா சாதா சஸ்பென்ஷன்லயே தூங்கிட்டு வருவாங்க. ஒரு விதிவிலக்கு சொல்றேன், பட்டன் அழுத்துனா மெத்துன்னும் டைட்டாவும் மாறுற அடாப்டிவ் சஸ்பென்ஷன், உயரம் குறைக்காம தனியா கிடைச்சா, பட்ஜெட்டும் இருந்தா, அது வேற கதை, தாராளமா வாங்கலாம். ஷாக் ரிப்பேர் வந்தா விலை கண்ணைக் கட்டும், அதையும் சொல்லிடறேன்.

சில பேரு என்ன பண்றாங்கன்னா, இப்ப வேணாம்னு சொல்லிட்டு அப்புறமா வெளிய ஒரு கடையில தாழ்ந்த ஸ்பிரிங் மட்டும் கம்மி விலையில மாட்டிக்கிறாங்க. அதைச் செய்யாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது, வாரன்ட்டிக்கும் ஆபத்து, நாளைக்கு ஒரு கிளெய்ம்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் போட்டோ எடுப்பான். ஷாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருத்தம் இல்லாம வண்டி குதிரை மாதிரி துள்ளும், அது தனி.

யாருக்கு இந்த பேக்கேஜ் நல்லதுன்னு கேட்டா, கோயம்புத்தூர்லயே குடியிருந்து, மாசம் நாலு தடவை சேலம், பெங்களூர்னு ஹைவேல ஓடுற, வளைவுல வண்டி ஒட்டிக்கிட்டு போறதை ரசிக்கிற ஆளுக்கு. வயசுல உங்களுக்கும் ஆசை இருக்கும், புரியுது, 18 இன்ச் வீல் பாக்க அழகுதான். அழகுக்குன்னு தெரிஞ்சே போட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன், மலைக்குன்னு நெனச்சு போடாதீங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி டெஸ்ட் டிரைவ் அவிநாசி ரோட்டுல குடுத்தா வாங்காதீங்க, அங்க எல்லா வண்டியும் நல்லாத்தான் போகும். பேக்கேஜ் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு, ரெண்டையும் மேட்டுப்பாளையம் தாண்டி குஞ்சப்பனை வரைக்குமாவது ஏத்தி இறக்கணும்னு கேளுங்க, புக்கிங் பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டா ஒத்துக்குவாங்க, கட்டுன பிறகு போன் எடுக்க மாட்டாங்க. நீங்க ஓட்டுனா போதாது, ஒரு தடவை சேல்ஸ் தம்பியை ஓட்டச் சொல்லிட்டு நீங்க அம்மா உக்கார்ற சீட்டுல உக்காருங்க. இறங்கி வந்து வண்டி நின்னதும் வீல் பக்கம் போயி மோந்து பாருங்க, வாடை எந்த வண்டியில கம்மியோ அதைக் குறிச்சு வைங்க. மிச்சப்படுற பணத்துல 16 இன்ச்சுலயே ஈர ரோட்டுப் பிடிப்பு நல்லா இருக்குற டயரா நாலு, டயருக்கும் ரிம்முக்கும் சேத்து இன்சூரன்ஸ் ஆட் ஆன் ஒண்ணு, மிஸ்ட்டுக்கு நல்ல ஃபாக் லேம்ப் கம்பெனி சாமானாவே போட்டுக்கலாம், அப்பவும் ஒரு லட்சம் கையில நிக்கும்.