தகிட தகிட தக: தீபாவளி பெயரில் ஒரு ஜமைக்கா தாளம்

சென்ற இதழில் ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹாலின் பாடகர் ஷான் பால் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரை, தமிழ்நாடு–கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

*'கெட் பிஸி' பாட்டை என் மகன் ஓயாமல் போடுகிறான். அதே கைதட்டலோடு வேறொருவர் பாடிய பாட்டும் இருக்கிறது. யார் யாரைக் காப்பி அடித்தார்கள்? அந்தத் தாளத்துக்கு 'தீபாவளி' என்று பெயராமே?*
*– வாசகி, வேலந்தாவளம்*

பெயர் உண்மைதான். காப்பி யாரும் அடிக்கவில்லை. பாட்டில்லாத வாத்தியப் பகுதியை ஜமைக்காவில் 'ரிடிம்' என்பார்கள். தயாரிப்பாளர் ஒரு ரிடிமைச் செய்துவிட்டுப் பல பாடகர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் தன் சொல்லில், தன் மெட்டில் அதன் மேல் பாடுவார்கள். ஒரே கும்மித் தாளத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு பாட்டெடுத்து விடுகிற மாதிரி. 7 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு இருக்கும், மறுபக்கம் வெறும் ரிடிம். அந்த மறுபக்கத்தை 'வெர்ஷன்' என்பார்கள்.

நீங்கள் கேட்ட 'தீவாளி ரிடிம்' ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் செய்தது. அதில் டிரம்மைவிடக் கைதட்டல்தான் முன்னால் நிற்கும். ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', லுமிடியின் 'நெவர் லீவ் யூ' மூன்றும் அதன் மேல் பாடியவை. மூன்றுமே 2003-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மேலே ஏறின. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வம்சாவளி ஜமைக்காவில் இருக்கிறது. தீபாவளி அவர்களுக்குப் புதுப் பெயர் அல்ல.

டான்ஸ்ஹாலின் அடிக்கணக்கைத் தொடையிலேயே போட்டுப் பார்க்கலாம். எட்டு மாத்திரையை 3+3+2 ஆகப் பிரியுங்கள்: தகிட தகிட தக. காலால் 1, 5 இரண்டிலும் சீராகத் தட்டிக்கொண்டே, கையை 1, 4, 7-ல் அடியுங்கள். கை கடைசியில் கொஞ்சம் முந்திக்கொண்டு விழுவது போலிருக்கும். இடுப்பை ஆட வைப்பது அந்த முந்தல்தான். மூன்று அடியையும் சம இடைவெளி ஆக்கிவிடுவதுதான் வழக்கமாக வரும் பிழை. அப்படிச் செய்தால் அது திஸ்ரமாகி, அதாவது மூன்றின் கணக்காகி, ஆட்டம் மாறிவிடும்.

*ஷான் பால் ஒரே பாட்டில் உலகப் புகழ் அடைந்தவரா? சேரியிலிருந்து வந்தவர் என்கிறான் நண்பன்.*
*– கல்லூரி மாணவர், பாலக்காடு சித்தூர்*

இரண்டும் இல்லை. 1973-ல் கிங்ஸ்டனில் பிறந்தார். வீட்டில் நீச்சல்காரர்கள். அவரும் 21 வயது வரை ஜமைக்கா தேசிய வாட்டர் போலோ அணியில் ஆடினார். தண்ணீரில் வாங்கிய மூச்சுப் பழக்கம் பாட்டிலும் கேட்கிறது. நீளமான வரிகளை ஒரே தொனியில், இடையில் மூச்சு உடையாமல் ஓட்டுவார்.

முதலில் பெயர் கிடைத்தது 1996-ல், 'பேபி கேர்ள்' பாட்டால். அதற்குப் பின்னால் இருந்த தயாரிப்பாளர் ஜெரமி ஹார்டிங். ஹார்டிங் செய்த 'பிளேகிரவுண்ட்' ரிடிமில் பீனி மேன் பாடிய 'ஹூ ஆம் ஐ' பெரிய வெற்றி. அதே ரிடிமில் ஷான் பாலின் 'இன்ஃபில்ட்ரேட்'டும் இருந்தது. நடனக் கூடத்தில் தட்டு மாற்றுபவரை அங்கே 'செலக்டர்' என்பார்கள். ('டீஜே' என்றால் அங்கே தாளத்தின் மேல் பாடிப் பேசுபவர். நம் ஊர் டீஜேவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) செலக்டர் ஒரே ரிடிமின் பாட்டுகளை அடுத்தடுத்துக் கோத்துப் போடுவார். பெரிய பாடகரின் பாட்டு ஓடும் இடமெல்லாம் பின்னாலேயே புதுப் பையனின் பாட்டும் ஓடும். ரிடிம் முறையின் பெரிய பலன் இதுதான், ஷான் பாலை வளர்த்ததும் இதுதான்.

2000-ல் முதல் ஆல்பம் 'ஸ்டேஜ் ஒன்', வி.பி. ரெக்கார்ட்ஸ் வெளியீடு. கிங்ஸ்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த வின்சென்ட் சின், பாட்ரிசியா சின் தம்பதி நியூயார்க் போய் வளர்த்த நிறுவனம் அது. நியூயார்க், மயாமி, டொரண்டோ, லண்டன் என்று கரீபியன் மக்கள் குடியேறிய ஊர்களின் கடைகள் அவர்களுக்குக் கைவசம். ஆனால் அமெரிக்காவின் பொது ரேடியோ கைவசம் இல்லை. மயாமியில் தயாரான 'கிம்மி த லைட்' அந்தக் கதவைத் தட்டியது. பில்போர்டில் 7-ம் இடம் வரை போனது. அட்லான்டிக் இசைத்தட்டு நிறுவனம் வி.பி.யோடு கைகோத்தது. 2002 நவம்பரில் 'டட்டி ராக்' ஆல்பம் வந்தது. 'டட்டி' என்பது 'டர்ட்டி'யின் ஜமைக்கா உச்சரிப்பு. 2003 மே மாதம் 'கெட் பிஸி' முதலிடம், மூன்று வாரம். அதே ஆண்டு பாடகி பியான்சேயோடு 'பேபி பாய்', ஒன்பது வாரம் முதலிடம். 2004-ல் சிறந்த ரெகே (டான்ஸ்ஹாலின் தாய் இசை) ஆல்பத்துக்கான கிராமி. 2006-ல் 'டெம்பரேச்சர்' மறுபடி முதலிடம். பத்து ஆண்டு கழித்து பாடகி சியாவோடு 'சீப் த்ரில்ஸ்', அதுவும் முதலிடம்.

முதல் பாட்டுக்கும் முதலிடத்துக்கும் நடுவே ஏழு ஆண்டு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 வாக்கில், ஓரினச்சேர்க்கையாளர்களைத் தாக்கச் சொல்லும் வரிகளுக்காக பீனி மேன் உட்படச் சிலரின் கச்சேரிகள் வெளிநாடுகளில் ரத்தாயின. ஷான் பாலின் பாட்டுகள் நடனம், பெண்கள், கொண்டாட்டம் என்றே நின்றதால் அவருக்கு வழி அடைபடவில்லை.

*'லவ் பேர்ட்ஸ்' படத்தில் வந்த 'நோ ப்ராப்ளம்' டான்ஸ்ஹாலா?*
*– வாசகர், கோபாலபுரம்*

ஆமாம், அதன் கிளைதான். பாடியவர் பர்மிங்காமில் வளர்ந்த பஞ்சாபி வம்சாவளிக்காரர் அப்பாச்சி இந்தியன். ஏ.ஆர். ரஹ்மான் இசை, 1996. ஷான் பாலுக்கு முன்பே டான்ஸ்ஹாலின் உச்சரிப்பு தமிழ்நாட்டு டேப்ரெக்கார்டருக்குள் நுழைந்துவிட்டது.

*தமிழும் மலையாளமும் கலந்துதான் எங்கள் பேச்சு. அதில் இப்படி எழுதிப் பாட ஆசை. வெளியூரில் புரியாது என்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய கீபோர்டும் ஒரு மைக்கும்.*
*– வாசகர், கொழிஞ்சாம்பாறை*

கீபோர்டு போதும். 1985-ல் கிங்ஸ்டனில் தயாரிப்பாளர் கிங் ஜாமி வெளியிட்ட 'ஸ்லெங் டெங்' ரிடிம், கேஸியோ எம்.டி.-40 என்ற சின்ன வீட்டுக் கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த 'ராக்' தாளத்திலிருந்து வந்தது. ஜமைக்கா இசை கம்ப்யூட்டர் காலத்துக்குள் காலெடுத்து வைத்தது அதில்தான்.

புரியுமா என்ற கவலைக்கு ஷான் பாலின் வழியைப் பாருங்கள். சரணத்தை முழுக்க ஜமைக்கா மக்களின் பேச்சான பட்வா மொழியிலேயே வைத்தார், ஆங்கிலத்துக்காக அதை வெளுக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் பகுதியை மட்டும் எளிதாக்கினார். 'கெட் பிஸி'யில் பெண்களைப் பெயர் சொல்லி வரிசையாக அழைக்கிறார். எந்த நாட்டுக்காரருக்கும் அது புரியும். நீங்களும் பல்லவியில் மூன்று நான்கு சொல் மட்டும் வையுங்கள். சரணத்தில் கொழிஞ்சாம்பாறைப் பேச்சு அப்படியே இருக்கட்டும்.

வேகம் நிமிடத்துக்கு 95 முதல் 105 அடி. 100 வைத்தால், நாலு அடி கொண்ட ஒரு ஆவர்த்தம் 2.4 விநாடி. பல்லவி 8 ஆவர்த்தம், சரணம் 16. பல்லவி மூன்று முறையும் சரணம் இரண்டும் சேர்ந்தால் 2 நிமிடம் 14 விநாடி.

சொல் வைப்பதில்தான் தமிழுக்குத் தனிச் சிக்கல். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. 'ஆறு தாண்டி வா' என்று சொல்லிப் பாருங்கள். ஆறு 3, தாண்டி 3 (நெடிலுக்குப் பின் வரும் 'ண்' பாட்டில் கணக்கில்லை), வா 2. தகிட தகிட தகவில் தானாக உட்கார்ந்துவிட்டது. 'நதி கடந்து வா' என்று எழுதினால் 'நதி' இரண்டே மாத்திரை. நிரப்புவதற்காக 'நாதி' என்று இழுத்தால் பொருளே கெட்டுப்போகும். நீட்ட வேண்டிய இடத்தில் நெடில் உள்ள சொல்லையே தேடுங்கள். ஆவர்த்தத்தின் நாலு அடியையும் நான்கு நான்காகப் பிரித்தால் வரும் பதினாறு இடங்களில் பத்துப் பன்னிரண்டை மட்டும் நிரப்பி, கடைசியை மூச்சுக்கு விடுங்கள். பதினாறையும் அடைத்தால் மூன்றாவது வரியில் குரல் தேயும்.

பதியும்போது ரிடிமை ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் அது மைக்கில் கசிந்து, பிறகு பிரிக்கவே முடியாது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். உங்கள் முதுகுக்குப் பின்னால் கம்பளியோ மெத்தையோ தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். பதிவு மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. பல்லவியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். சரணத்தில் வரிக்கடைசிச் சொல்லுக்கு மட்டும் அப்படிச் செய்தால் போதும். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் பாஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு.

யூடியூபில் 'ஃப்ரீ' என்று போட்டிருக்கும் ரிடிமை எடுக்கும் முன் விவரத்தைப் படியுங்கள். பெரும்பாலும் காசு பார்க்காத உபயோகத்துக்கு மட்டுமே அனுமதி இருக்கும். மீறினால் வருமானம் ரிடிம்காரருக்குப் போகும், அல்லது பாட்டே நீக்கப்படும். எழுத்தில் லைசென்ஸ் வாங்கி, சுருக்காத ஒலிக்கோப்பான டபிள்யூ.ஏ.வி. ஆகக் கேளுங்கள். பாடலாசிரியராக, ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு வரி எழுதியவரின் ராயல்டிப் பங்கைச் சட்டம் காக்கிறது.

*வேலா திருவிழாவுக்கும் தேருக்கும் மைக் செட் போடுகிறோம். டான்ஸ்ஹால் பாட்டு போட்டால் பாக்ஸ் பக்கத்தில் அதிர்கிறது, பந்தல் நடுவில் பாஸே இல்லை. என்ன கோளாறு?*
*– மைக் செட்காரர், கொல்லங்கோடு*

முதலில் வயரைப் பாருங்கள். இரு பக்கத்துப் பாஸ் பாக்ஸ்களில் ஒன்றுக்கு பிளஸ், மைனஸ் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுவில் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு பக்கத்து வயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். நடுவில் பாஸ் திரும்பினால் கோளாறு அதுதான்.

அது சரியாக இருந்தும் சில இடங்களில் அதிர்ந்து சில இடங்களில் காணாமல் போனால், பாஸ் பாக்ஸ்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருப்பதுதான் காரணம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், தரையில், ஒட்டி அடுக்குங்கள்.  கிராஸ்ஓவர், அதாவது பாஸ் பாக்ஸுக்குப் போகும் ஒலியைப் பிரிக்கும் எல்லை, 80 முதல் 100 ஹெர்ட்ஸ். 35-க்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே பாட்டு இல்லை, கோனைக் கிழிக்கும் ஆட்டம்தான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு நின்று எரிந்தால் வால்யூமைக் குறையுங்கள். நுனி வெட்டுப்பட்ட அலைதான் காயிலைப் பொசுக்குகிறது.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாவுக்குச் சில நாட்கள் நள்ளிரவு வரை விலக்குத் தர மாநில அரசால் முடியும். அது உங்கள் தேதிக்கு உண்டா என்று முன்பணம் வாங்கும் முன்பே காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.