மூன்று யோசனைகளில் எதை எடுப்பது?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஐந்து வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஸ்டார்ட்அப் தொடங்க 4 லட்சம் சேர்த்திருக்கிறேன். வீட்டுச் சாப்பாடு டெலிவரி, ஏஐ மூலம் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஜாப் ஒர்க் (பிரிண்டிங் போன்ற வேலைகளை வெளி யூனிட்டுகளுக்குக் கொடுத்துச் செய்து வாங்குவது) கணக்குக்கு சாஃப்ட்வேர் என்று மூன்று யோசனைகள். முதல் இரண்டும்தான் சூப்பர் என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுக்கட்டும்?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: மூன்றாவதை. சாப்பாடும் இங்கிலீஷும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் கேட்டவுடன் சூப்பர் என்கிறார்கள். அதனாலேயே அவற்றில் ஏற்கெனவே பெரிய கூட்டம் இருக்கிறது. ஜாப் ஒர்க்கில் நடப்பதோ உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

1,200 பீஸ் பிரிண்டிங்குக்குப் போகிறது, 1,140 திரும்புகிறது. மீதி 60 ரிஜெக்டா, யூனிட்டிலேயே கிடக்கிறதா? டிசியை, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலானை, புரட்டிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. பில் வரும்போதுதான் பணத்தைப் பிடிக்கும் டெபிட் நோட்டும் சண்டையும். இதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்!

ஆனால் சாஃப்ட்வேரை இப்போதே எழுத உட்காராதீர்கள். 2005 தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காத பணீந்திர சமா, நண்பர்களோடு சேர்ந்து முதலில் பஸ் ஆபரேட்டர்களுக்கான சாஃப்ட்வேரைத்தான் எழுதினார். அவர்கள் அதைச் சீண்டவில்லை. 'சில சீட்டுகளைக் கொடுங்கள், விற்றுத் தருகிறோம்' என்று கேட்ட பிறகுதான் வழி பிறந்தது. 2006-இல் ரெட்பஸ் என்ற பஸ் டிக்கெட் தளம் வந்தது அப்படித்தான். பிரச்சினையைச் சரியாகப் பிடித்தவர்களே முதல் தீர்வில் தவறினார்கள்.

மூன்று வாரத்தில் 15 பேரைப் பாருங்கள்: ஐந்து முதலாளிகள், ஐந்து புரொடக்‌ஷன் மேனேஜர்கள், ஐந்து ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள். சாஃப்ட்வேர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 'இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?' என்று கேட்டால் முகதாட்சண்யத்துக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியாக பீஸ் குறைந்தது எப்போது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? எவ்வளவு நஷ்டம்?' என்று நடந்ததை மட்டும் கேளுங்கள். ஒருவர் தானே எக்செல் போட்டு வைத்திருக்கிறார், இன்னொருவர் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்கள் ஐந்து பேராவது கிடைக்கவில்லையென்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம். அதே பேச்சில் அவர்கள் எதைப் பற்றி அதிகம் புலம்பினார்களோ, அதைப் பிடியுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் கேளுங்கள். அவஸ்தை மேனேஜருக்கு, பணம் முதலாளியிடம் என்பதால் நின்றுபோன விற்பனைகள் ஏராளம்.

அடுத்த மாதம் இரண்டு கம்பெனிகளுக்குக் கையாலேயே செய்து கொடுங்கள். டிசியை ஸ்டோர்காரர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீங்கள் ஷீட்டில் ஏற்றி, காலை 9 மணிக்கு வரவேண்டிய பீஸ் பட்டியலை அனுப்புங்கள். கட்டணம் 2,000 ரூபாய், முன்பணமாக. அதைக் கொடுக்க மனம் வராதவர் சாஃப்ட்வேருக்கும் கொடுக்கமாட்டார். நாலாவது நாளே போட்டோ வருவது நின்றுபோகலாம், ஏனென்றால் ஸ்டோர்காரருக்கு அதில் லாபம் எதுவுமில்லை. அவருக்கு வேலை குறைகிற மாதிரி எதை மாற்றலாம் என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் எழுதவேண்டிய சாஃப்ட்வேர் எது என்பது அங்கேதான் தெரியவரும்.

கணக்கையும் போட்டுவிடுங்கள். 300 கம்பெனி, மாதம் 2,000 என்றால் வருடத்துக்கு 72 லட்சம். நாலைந்து பேர் கொண்ட கம்பெனிக்கு அது போதும். முதலீட்டாளரிடம் போவதென்றால் பின்னலாடைக்குப் பேர்போன பஞ்சாபின் லூதியானாவிலும் இது விற்குமா என்று கேட்பார்கள். அங்கே இரண்டு பேரிடமாவது போனில் பேசிவிட்டுப் போங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இப்போதைய கம்பெனியின் பையர் விவரம், ஆர்டர் ஷீட் எதையும் தொடாதீர்கள். ஐந்து கம்பெனிகள் மூன்று மாதம் தொடர்ந்து பணம் கட்டும்வரை சம்பளத்தை விடவேண்டாம்.