கிழக்குக் கரைக்கு ரயில் எதற்கு?

கேள்வி: மலேசியாவின் கிழக்குக் கரையில், கிளந்தான் மாநிலத் தலைநகரான கோத்தா பாருவுக்கு இத்தனை கோடி கொட்டி ஈசிஆர்எல் என்ற கிழக்குக் கரை ரயில் போடுகிறார்கள். அங்கே ஏற ஆள் ஏது? அந்தப் பணத்தில் கோலாலம்பூரிலேயே இன்னொரு எம்ஆர்டி (நகர ரயில்) தடம் போடலாமே?
– வாசகர், செந்தூல்

பதில்: செந்தூலில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் ஊர் வளர்ந்ததே ரயில் பட்டறையால்தான். அங்கே வேலைக்கு வந்த நம்மவர்கள்தான் கோயிலும் கடையும் பள்ளியுமாக அதை ஊராக்கினார்கள். தண்டவாளம் முதலில், ஜனம் அப்புறம்.

மேற்குக் கரை முழுவதற்கும் இதுதான் கதை. ஈயத்தை ஏற்றுவதற்காக 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. பிறகு ரப்பர், துறைமுகம், 1985ல் பினாங்குப் பாலம், 1994ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்று ஒன்றை நம்பி அடுத்தது வந்தது. கிழக்குக் கரைக்கோ கெமாஸ் முதல் தும்பாட் வரையான பாதை 1931ல்தான் முடிந்தது, அதையும் போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் பெரும்பகுதி பெயர்த்து சயாமிலிருந்து பர்மாவுக்கு அவர்கள் போட்ட மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள், நம் தோட்டத்து ஜனங்களை ஏற்றிப்போனதும் அதே ரயில் வேலைக்குத்தான். இன்றைக்கும் அங்கே ஒற்றைத் தடத்தில் டீசல் வண்டிதான் ஓடுகிறது.

2022 கணக்கில் கோலாலம்பூர்க் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 10,234 ரிங்கிட், கிளந்தானில் 3,614. இதற்கு ரயில் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாமல் இன்னும் பல வீடுகள் கிணற்றை வைத்திருக்கும் ஊரில், பெருநாளுக்கு வீடு போக நாள் முழுக்க சாலையில் கிடக்க வேண்டிய ஊரில், எந்த முதலாளி தொழிற்சாலை போடுவார்? தொழிற்சாலை இல்லையென்றால் பிள்ளைகள் கோலாலம்பூருக்குத்தான் வருவார்கள். அப்புறம் "அங்கே ஆளே இல்லை, ரயில் எதற்கு" என்று நாமே கேட்கிறோம். ஆளில்லாமல் செய்தது யார்?

செலவைக் கேள்வி கேளுங்கள், அது நியாயம். 2019ல் மறுபடி பேசித்தான் ஒப்பந்தத்தை 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடிக்கு இறக்கினார்கள், மக்கள் கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது. இன்னும் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கோத்தா பாருவில் இறங்கும் பயணிக்கு அங்கிருந்து தன் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போக பஸ் இருக்குமா? அதற்கு யாரும் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.